ஞாயிறு நிறுத்தினால் வியாழன் செல்ஃப் எடுப்பதில்லை: சார்ஜ் எங்கே போகிறது?

கேள்வி:

என்னிடம் ஆறு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. பள்ளிக்குப் பேருந்தில் போவதால் சனி, ஞாயிறு மட்டுமே வண்டியை எடுப்பேன். ஒரு வருடமாகப் பேட்டரித் தொல்லை. ஞாயிறு மாலை நிறுத்திய வண்டியைப் புதன்கிழமை எடுத்தால் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகிறது. வியாழன் காலை என்றால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். இப்போது இருக்கும் 35 ஏ.எச். பேட்டரி ஏப்ரலில் வாங்கியது. மெக்கானிக், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் சரியில்லை" என்கிறார். மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து மாட்டியதும் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. போன வருடம் திரையுள்ள ஆண்ட்ராய்டு மியூசிக் செட்டும், முன்கண்ணாடியில் ஒரு கேமராவும் மாட்டினோம். மற்றபடி வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது பேட்டரி வாங்குவதா? தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

– கும்பகோணத்திலிருந்து ஓர் ஆசிரியை

பதில்:

மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டெர்மினலைக் கழற்றி வைத்த பத்து நாளும் அந்தப் பேட்டரி சார்ஜைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மாட்டி வைத்தால் நான்கு நாள் தாங்கவில்லை. பேட்டரி உள்ளே கெட்டுப்போயிருந்தால், கழற்றி வைத்தாலும் இறங்கியிருக்கும். ஆகவே வண்டியில் ஏதோ ஒன்று, நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகும், சார்ஜைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் இதே கதைதான்.

அந்தப் பத்து நாள் இன்னொன்றையும் சொல்கிறது. ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும் அளவுக்குச் சார்ஜ் இருந்திருக்கிறது என்றால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் (நம் ஊர் மெக்கானிக்குகள் டைனமோ என்பது இதைத்தான்) தன் வேலையைச் செய்கிறது. ஆனால் அதை முழுதாக விட்டுவிட முடியாது. டெர்மினலைக் கழற்றும்போது ஆல்டர்னேட்டரும் சேர்ந்துதான் துண்டிக்கப்படுகிறது. அதன் உள்ளே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று கசிந்தால், வண்டி நிற்கும்போது சார்ஜ் அதன் வழியாகவே திரும்பி ஒழுகும். இதைக் கடைசியில் பார்ப்போம்.

மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கும் முன் ஒரு கணக்குப் போடலாம். 35 ஏ.எச். என்றால் 35 ஆம்பியர்-மணி. அதாவது 1.75 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும். வார இறுதி ஓட்டத்தில் மட்டும் சார்ஜ் ஏறும் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்காது. 80 முதல் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 28 முதல் 30 ஆம்பியர்-மணி. மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் தெம்பு இருக்காது. ஞாயிறு மாலை 7 மணியிலிருந்து வியாழன் காலை 7 மணி வரை 84 மணி நேரம். அதற்குள் குறைந்தது 16 முதல் 18 ஆம்பியர்-மணி போயிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 0.2 ஆம்பியர், அல்லது சற்று மேலே. புதன்கிழமை இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவதும் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. அப்போது பேட்டரியில் பாதிக்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கும்.

பூட்டி நிற்கும் ஆரோக்கியமான கார் எதுவுமே குடிக்காது என்று நினைக்க வேண்டாம். கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் கருவி, இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 50 என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். உங்கள் வண்டி 200 முதல் 250 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதாவது நான்கைந்து மடங்கு.

இந்த எண் கையில் இருந்தால் சந்தேகப் பட்டியல் சட்டென்று சுருங்கும். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச், அதை அழுத்தும் சின்ன ரப்பர் பொத்தான் உதிர்ந்துபோனால், பிரேக் லைட்டை அணைய விடாது. இரண்டு 21 வாட் பல்பு என்றால் 3.5 ஆம்பியர். ஒரே இரவில் பேட்டரி படுத்துவிடும், நான்கு நாள் ஆகாது. டிக்கியில் இருக்கும் 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர். அதற்கு செவ்வாய்க்கிழமையே வண்டி நின்றிருக்க வேண்டும். இருந்தாலும் அதைச் சோதிக்க ஒரு பைசா செலவில்லை. கைப்பேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடி, அரை நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். மூடியதும் இருட்டாக வேண்டும். டேஷ்போர்டு பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதற்கும் இதே சோதனைதான்.

0.2 ஆம்பியர் அளவுக்குச் சரியாகப் பொருந்துவது இரண்டு பொருள்கள். ஒன்று, நிறுத்திய பிறகும் படம்பிடித்துக்கொண்டிருக்கும் முன்கண்ணாடிக் கேமரா. அது 2 முதல் 4 வாட் எடுக்கும், 12 வோல்ட்டில் 0.17 முதல் 0.33 ஆம்பியர். இன்னொன்று, திரை அணைந்தாலும் உள்ளே தூங்கப் போகாத ஆண்ட்ராய்டு செட். தொல்லை தொடங்கிய காலமும் இவற்றை மாட்டிய காலமும் ஒன்றுதான். ஆனாலும் அளந்து பார்க்காமல் இவற்றின் மீது பழி போட வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் விடாமல் இயங்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அதன் கம்பிச்சுருள் மட்டுமே 0.15 ஆம்பியர் குடிக்கும். எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும்.

அளவெடுக்கும் முன், உங்கள் மெக்கானிக் செய்யும் சோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்ற இனி விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அது பழகிப்போன வழக்கம். இன்றைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து நிதானப்படுத்துவதே பேட்டரிதான். அதை ஓட்டத்தில் பிடுங்கினால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல பத்து வோல்ட் தாவும். இன்ஜின் கம்ப்யூட்டரோ, ஏர்பேக் கருவியோ, செட்டோ கருகினால், செலவு நான்கு பேட்டரி விலையைத் தாண்டும். அந்தச் சோதனை சொல்வதும் ஒன்றுமில்லை. 13 வோல்ட் மட்டுமே தரும் பலவீனமான ஆல்டர்னேட்டரிலும் இன்ஜின் நிற்காமல் ஓடும்.

சரியான சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. (நேர்திசை மின்சாரம்) அளவில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் தொடுங்கள். இன்ஜின் மெதுவாக ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஹெட்லைட், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தினாலும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. (எரிபொருள் மிச்சத்துக்காகச் சார்ஜைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய வண்டிகளில் இந்த எண் ஏறி இறங்கும். உங்கள் வண்டி அந்த வகை என்றால், கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு பலமுறை பார்த்து முடிவு செய்யுங்கள்.)

இனி முக்கியமான வேலை. முதலில் பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரிக் கடையில் செய்து தருவார்கள். 35 ஏ.எச். பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் அளவில் 10 முதல் 12 மணி நேரம். அவசரப்பட்டு 10, 15 ஆம்பியரில் இரண்டு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டுகள் சூடாகும், நீர் குறையும். சார்ஜ் முடிந்து சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு 12.6 முதல் 12.7 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. பாதி இறங்கிய பேட்டரியோடு கசிவைத் தேடினால், வண்டியின் கருவிகள் குறைந்த மின்னழுத்தத்தில் தாறுமாறாக நடந்து அளவைக் குழப்பும்.

தேவைப்படும் பொருள்கள்: 10 ஆம்பியர் வரை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் (ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்), 10ஆம் நம்பர் ஸ்பேனர், இரு முனையிலும் முதலைக் கிளிப் பொருத்திய ஒரு மீட்டர் ஒயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர். கையில் வளையலும் மோதிரமும் இருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பேட்டரியின் பிளஸ் முனையையும் வண்டியின் உடம்பையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், இடையில் மாட்டும் உலோகம் பழுக்கக் காய்ந்துவிடும். வேலை முழுவதும் மைனஸ் பக்கத்தில்தான் நடக்கப்போகிறது. பிளஸ் முனையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

வண்டியைத் தூங்க வைப்பதுதான் இதில் பொறுமை கேட்கும் பகுதி. அவசரப்படுபவர்கள் தவறான எண்ணைப் படிப்பதும் இங்கேதான். பானட்டைத் திறந்து வையுங்கள். காருக்குள் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸை எட்டுவதற்காக ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவின் ஓரத்தில் இருக்கும் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி, கதவு மூடியிருப்பது போல வண்டியை நம்ப வையுங்கள். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவை மூட வேண்டும். மறந்து அடித்தால் பூட்டு நெளிந்துவிடும்.) பானட்டுக்கும் உணர்வு சுவிட்ச் இருந்தால் அதையும் இப்படியே அமுக்கிக் கட்டுங்கள். சாவியை, முக்கியமாகப் பொத்தானில் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால், வீட்டுக்குள் ஐந்தாறு மீட்டர் தள்ளி வையுங்கள். சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி அதைத் தேடி விழித்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, முதலைக் கிளிப் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறு முனையை வண்டியின் உடம்பில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் மாட்டுங்கள். அதன் பிறகே மைனஸ் டெர்மினலைத் தளர்த்தித் தூக்குங்கள். மின்சாரம் இப்போது ஒயர் வழியே போவதால் வண்டிக்கு எதுவும் தெரியாது. ஒயர் இல்லாமல் டெர்மினலைத் தூக்கிவிட்டு மாட்டினால், எல்லாக் கருவிகளும் புதிதாக விழித்தெழும். சில பழுதுகள் அந்த ஒரு துண்டிப்பிலேயே தற்காலிகமாகச் சரியாகிக் கண்ணில் படாமல் போய்விடும்.

மீட்டரின் கறுப்பு ஒயர் பொதுத் துளையிலும், சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையிலும் இருக்கட்டும். குமிழை 10 ஆம்பியர் டி.சி.க்குத் திருப்புங்கள். சிவப்பு முனையைத் தூக்கிய டெர்மினலிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் உறுதியாகப் பொருத்துங்கள். முதலைக் கிளிப் ஒயர் பக்கத்திலேயே இருக்கட்டும். இப்படியே 40 நிமிடம் விடுங்கள். முதலில் சில ஆம்பியர் ஓடும். நிமிடங்கள் போகப்போகக் கருவிகள் ஒவ்வொன்றாகத் தூங்கும். 40 நிமிடம் கழித்து முதலைக் கிளிப்பை மட்டும் கழற்றுங்கள். மீட்டரில் தெரிவதுதான் உங்கள் வண்டி ரகசியமாகக் குடிக்கும் அளவு.

மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஹெட்லைட் போடவோ கூடாது. மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு உள்ளே ஃபியூஸ் இருப்பதில்லை. செல்ஃப் 150, 200 ஆம்பியர் இழுக்கும்போது மீட்டர் கையிலேயே கருகும்.

எண் 0.02 முதல் 0.05க்குள் இருந்தால், இப்போதைக்குக் கசிவு இல்லை. இருக்கவே இருக்காது என்று அர்த்தமில்லை, சில கசிவுகள் விட்டுவிட்டு வரும். உங்கள் கணக்குப்படி 0.2 முதல் 0.25 வர வேண்டும். அது வந்துவிட்டால் வேட்டை பாதி முடிந்தது.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் சிலர், டெர்மினலைத் தட்டித் தீப்பொறி வருகிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். இன்றைய கருவிகளுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது எந்த நல்ல வண்டியிலும் தீப்பொறி வரும். அதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

எந்தப் பாதையில் போகிறது என்று பார்க்க, முதலில் பேட்டரியின் பிளஸ் முனையைக் கண்ணால் பாருங்கள். தயாரிப்பாளர் போட்ட கனமான கேபிள்களுக்கு நடுவே, பின்னால் சேர்த்த மெல்லிய ஒயர் ஏதாவது போல்ட்டில் கவ்வியிருக்கிறதா? இருந்தால் அதன் நடுவே ஒரு ஃபியூஸ் கூடு தொங்கும். அந்த ஃபியூஸை உருவுங்கள். எண் சட்டென்று 0.03க்கு இறங்கினால், அந்த ஒயர் போகும் பொருள்தான் காரணம். மெல்லிய ஒயர் இருந்து, நடுவே ஃபியூஸே இல்லை என்றால், சார்ஜ் கசிகிறதோ இல்லையோ அதை அன்றே கழற்றச் சொல்லுங்கள். அது உராய்ந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

அங்கே எதுவும் இல்லை என்றால் ஃபியூஸ் பாக்ஸ். ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பது பழைய வழி. ஆனால் உருவித் திரும்பப் போடும்போது அந்தக் கருவி விழித்து, எண் எகிறி, மறுபடி அது தூங்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முதலைக் கிளிப்பை மறுபடி மாட்டிவிட்டு மீட்டரை விடுவித்து, சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றி, குமிழை 200 மில்லிவோல்ட்டில் வையுங்கள். (துளையை மாற்ற மறந்துவிட்டு ஃபியூஸில் தொட்டால் ஷார்ட் ஆகும், கவனம்.) பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இரண்டிலும் முனைகளைத் தொடுங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் 0.0 காட்டும். ஓடினால் சிறு மின்னழுத்தம் தெரியும். மினி வகை 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 15 ஆம்பியர் ஃபியூஸில் அதே 1 மில்லிவோல்ட் 220, 20 ஆம்பியரில் 300 அளவு. நீங்கள் தேடும் 0.2 ஆம்பியர் கசிவு, 10 ஆம்பியர் ஃபியூஸில் ஒன்றரை முதல் 2 மில்லிவோல்ட்டாகவும், 15 ஆம்பியரில் ஏறத்தாழ 1 ஆகவும் தெரியும். 0.1, 0.2 என்று சிலவற்றில் தெரிவது இயல்பான நினைவக மின்சாரம். அவற்றை விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ் தெரிந்ததும், பாக்ஸ் மூடியின் உட்புறப் படத்தில் அது எதற்கானது என்று பாருங்கள். ஆடியோ என்றோ உள்விளக்கு என்றோ இருக்கும். ஒரே ஃபியூஸில் நான்கைந்து பொருள்கள் தொங்கினால், அந்தப் பொருள்களின் பின்பக்க இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து, எது பிடுங்கும்போது எண் இறங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும்.

செட்டாக இருந்தால் பழுது பெரும்பாலும் செட்டில் இருப்பதில்லை, மாட்டிய விதத்தில் இருக்கும். செட்டின் பின்னால் வரும் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும், அது நினைவகத்துக்கு. சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே 12 வோல்ட் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் செட் 'வண்டி நின்றுவிட்டது, தூங்கலாம்' என்று புரிந்துகொள்கிறது. சாவியோடு வரும் ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு, மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவது நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி நடக்கிறது. பொத்தானை அழுத்தினால் திரை அணையும், செட் மட்டும் அணையாது. சாவியை எடுத்த பிறகு சிவப்பு ஒயரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் இருந்தால் இதுதான். சிகரெட் லைட்டர் சாக்கெட் சாவியோடு அணையும் வகை என்றால், அதன் இணைப்பிலிருந்து சிவப்புக்கு மின்சாரம் எடுக்கலாம், கால் மணி நேர வேலை. சிவப்பு சரியாக இருந்தும் குடிக்கிறது என்றால், செட்டின் அமைப்புகளில் 'தூக்க நேரம்' என்ற பகுதி இருக்கும். மறுநாள் சட்டென்று திரை வருவதற்காக அதை நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். உடனே அணையும்படி மாற்றுங்கள். திரை எழ அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதை எழுப்பும் நீல ஒயரும் செட்டிலிருந்தே வர வேண்டும், நேராகப் பேட்டரியிலிருந்து அல்ல.

கேமராவாக இருந்தால், அதன் மின்இணைப்புப் பெட்டியில் எந்த மின்னழுத்தத்தில் துண்டிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சின்னச் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 11.8 வோல்ட்டில் வைத்திருந்தால் அது பேட்டரியைக் காக்காது. அந்த அளவு வருவதற்குள் பேட்டரி காலியாகியிருக்கும். 12.4க்கு மாற்றுங்கள். வாரத்தில் ஐந்து நாள் நிற்கும் வண்டிக்கு, நிறுத்திய பிறகும் படம்பிடிக்கும் வசதியை அடியோடு அணைப்பதுதான் என் பரிந்துரை. 35 ஏ.எச். பேட்டரி அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல.

ரிலே சந்தேகம் வந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். மணிக்கணக்கில் நின்ற வண்டியில் எல்லா ரிலேயும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான்.

எந்த ஃபியூஸிலும் மின்னழுத்தம் தெரியவில்லை, ஆனால் மொத்த எண் மட்டும் 0.2 என்று நிற்கிறதா? அப்போதுதான் ஆல்டர்னேட்டரின் முறை. அதன் கனத்த கேபிள் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் எதன் வழியாகவும் வருவதில்லை. மைனஸ் டெர்மினலை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்பக்கக் கனத்த கேபிளின் நட்டைக் கழற்றி, முனைக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்குங்கள். திரும்ப மீட்டரை இணைத்து, வண்டி தூங்கியதும் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் டயோடு கசிகிறது. கேபிளைத் திரும்ப மாட்டிய பிறகு இன்னொரு சோதனையும் செய்யலாம். இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏ.சி. (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.1க்குள் இருந்தால் டயோடுகள் நலம், 0.5ஐத் தாண்டினால் ஒன்று போய்விட்டது. டயோடு தட்டை மட்டும் மாற்றித் தரும் கடைகள் உண்டு. முழு ஆல்டர்னேட்டர் வாங்கச் சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போதாது. 200 ஆம்பியர் வீதம் மூன்று நொடி செல்ஃப் அடித்தால் போவது 0.17 ஆம்பியர்-மணிதான், அது பெரிய விஷயமில்லை. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால், தாராளமாக 15 ஆம்பியர் ஏறுகிறது என்று வைத்தாலும், வருவது ஒன்றேகால் ஆம்பியர்-மணி. உங்கள் கசிவு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு ஆம்பியர்-மணியைக் கொண்டுபோகிறது. பெட்ரோலும் போகும், சூடாகாத இன்ஜினின் ஆயிலில் ஈரமும் சேரும். கசிவை நிறுத்திய பிறகு, வார இறுதியில் ஒருமுறையாவது 40, 45 நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் போதும்.

மைனஸ் முனையில் மாட்டி, வேண்டாதபோது பேட்டரியைத் துண்டிக்கும் திருகு சுவிட்ச் ஒன்றை உங்களுக்கு யாராவது சிபாரிசு செய்வார்கள். ஆள் கிடைக்கும்வரை ஒரு வாரம் சமாளிக்க அது உதவும். நிரந்தரத் தீர்வாக வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கடிகாரமும் ஜன்னலின் ஒரே தொடலில் ஏறும் வசதியும் அழியும். காரணம் உரசிப்போன ஒயராக இருந்தால், சுவிட்சை மாட்டி ஓடும்போது ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

வேலையை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பதாக இருந்தால், "பேட்டரி இறங்குது, பாருங்க" என்று சொல்லாதீர்கள். "பூட்டி 40 நிமிடம் கழித்து எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று அளந்து எழுதித் தாருங்கள், சரி செய்த பிறகும் அளந்து எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். வண்டியை அரை நாளாவது அவரிடம் விட வேண்டியிருக்கும். தூங்குவதற்கு நேரம் தராமல் பத்து நிமிடத்தில் பதில் சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இப்போதைய பேட்டரி பலமுறை அடிமட்டம்வரை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் தட்டுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு கொஞ்சம் குறைந்திருக்கும். கசிவை நிறுத்திய பிறகு முழுச் சார்ஜ் செய்து, 12 மணி நேரம் வைத்து, 12.6 நிற்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் 9.6க்குக் கீழே போகக் கூடாது. இரண்டிலும் தேறினால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால், ஏப்ரலில் வாங்கியது என்பதால் வாரன்டி அட்டையோடு கடைக்குப் போங்கள். கசிவை அளந்து சரிசெய்த தாளையும் கொண்டுபோங்கள். வண்டியில் கசிவு இருக்கிறது என்று சொல்லி மறுக்கும் வாய்ப்பு அப்போது குறையும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிறு இரவு, வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து, வோல்ட்டைக் குறித்து வையுங்கள். வியாழன் காலை கதவைத் திறக்காமல், பானட்டை மட்டும் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். (பானட் இழுப்பான் உள்ளே இருப்பதால், ஞாயிறன்றே அதைத் தளர்த்தி விட்டுவிடுங்கள்.) 30 மில்லி ஆம்பியர் மட்டும் குடிக்கும் வண்டியில் 84 மணி நேரத்துக்கு இரண்டரை ஆம்பியர்-மணிதான் போகும். ஞாயிறு 12.6 என்றால் வியாழன் 12.5 அளவில் நிற்க வேண்டும். 12.2 காட்டினால் இன்னொரு கசிவு மிச்சம் இருக்கிறது. செட்டும் கேமராவும் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டவை என்பதால், முதலில் சரிசெய்யாமல் விட்ட அந்த இரண்டாவதையே எடுத்துப் பாருங்கள்.